கொசுறையும் அளந்த கஃபுயி டீச்சர்

கஃபுயி டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. நாக்கும் இருக்காது. எங்கள் பள்ளியின் பாலர் வகுப்புக்கு வந்த முதல் வாரமே தலைமையாசிரியர் அக்போசுவின் தொப்பையைப் பிள்ளைகளை விட்டுக் கயிற்றால் சுற்றி அளக்க வைத்தாள். பிள்ளைகள் அதே கயிற்றைத் தண்ணீர்ப் பானையில் சுற்றிப் பார்த்து, "சார்தான் பெருசு! சார்தான் பெருசு!" என்று போட்ட கூச்சல் சந்தை வரைக்கும் கேட்டது. மனிதர் அதை மறக்கவே இல்லை.

நான் ஜிக்போடி. பள்ளி வாசலில் காரி விற்கிறேன். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, வறுத்து, காலி தக்காளி டப்பாவால் அளந்து கொடுப்பேன். என் மகள் எலினாமும் அந்த வகுப்புதான். வீட்டில் எதையும் விட்டுவைக்கமாட்டாள். என் சேலைத்துணியை ஜாண் போடுவாள், அவள் அப்பா செருப்போடு தன் செருப்பை ஒட்டிவைத்துப் பார்ப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. சண்டைக்கே போனேன்.

"எழுத்து சொல்லிக் குடுக்கச் சொல்லி அனுப்பினா, டப்பாவை வச்சு விளையாட்டா காட்டுற?"

"வாங்கக்கா, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். பழைய டப்பா ஏதாவது இருக்கா?" என்றாள்.

போனது சண்டை போட, திரும்பியது ஆறு டப்பா கொடுத்துவிட்டு! இப்படிப்பட்டவளிடம் யார் என்ன செய்வது?

அவள் பக்கத்து ஊர்த் தச்சர் மகள். சின்ன வயதில் கணக்கு என்றாலே காய்ச்சல் வருமாம். அப்பா பட்டறையில் கையில் குச்சியைக் கொடுத்துப் பலகையை அளக்கச் சொன்ன பிறகுதான் காய்ச்சல் விட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வேலை நிரந்தரம் இல்லை. அதைத்தான் அக்போசு பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வர்றாரு. அவருக்குப் பிடிக்கலைன்னா டப்பாவெல்லாம் வெளியே. நீங்களும்தான்."

வெள்ளிக்கிழமை வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஜன்னலில் தொற்றிக்கொண்டேன். மேற்பார்வையாளர் ஜமேசி சிரிக்கவே தெரியாத மனிதர் போல உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு சின்ன வாளி, ஒரு பானை.

"எதுல அதிகம் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணு!" என்று வகுப்பே கத்தியது. முந்தின நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தார்கள். இதிலும் எட்டு டப்பா, அதிலும் எட்டு.

"சரி, காரியை வச்சுக் காட்டுங்க."

காரி என் கடையிலிருந்தே போனது. இரண்டையும் நிரப்பித் தலை தட்டினார்கள். பானையைச் சென்யோ என்ற பையன் டப்பா டப்பாவாக அளந்து காலி செய்தான். எட்டு. வாளியை எலினாம் அளந்தாள். ஏழிலேயே வாளி காலி!

அக்போசு தொண்டையைக் கனைத்தார். கனைப்பில் எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்!

"அப்போ பானைதான் பெருசா?" என்றார் ஜமேசி.

"இல்ல! இல்ல!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். கஃபுயிக்கு வேலையே போகும் நிலைமை. ஆனாலும் வாயைத் திறந்து விடையைச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை அளக்கட்டும். எல்லாரும் கையைப் பாருங்க" என்றாள்.

வாளியை மறுபடி நிரப்பினார்கள். எலினாம் ஒரு டப்பா எடுத்தாள், தலை தட்டினாள், பையில் கொட்டினாள். கூடவே இரண்டு கையாலும் ஒரு அள்ளு அள்ளிப் பைக்குள் போட்டாள்.

"டீச்சர்! அவ கொசுறு போடுறா!" என்று சென்யோ அலறினான்.

எலினாம் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "கொசுறு போடாம குடுத்தா நாளைக்கு யாருடா வருவா?"

அப்படியே நான்! என்னோடு ஜன்னலில் நின்ற மற்ற அம்மாக்கள் என் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். தண்ணீருக்கு யார் கொசுறு போடுகிறார்கள்? அதனால்தான் நேற்று மாட்டிக்கொள்ளவில்லை.

"கொசுறு போடு தங்கம், தாராளமா போடு," என்றாள் கஃபுயி. "ஆனா அதைத் தனியா இந்தக் கிண்ணத்துல போடு."

மூன்றாம் தடவை. ஏழு டப்பா பைக்குள், ஏழு அள்ளு கிண்ணத்துக்குள். வாளி காலி. கிண்ணத்துக் காரியைச் சென்யோ காலி டப்பாவில் மெல்லக் கொட்டினான். ஏறியது, ஏறியது, விளிம்பில் வந்து நின்றது.

"எட்டு!"

கூரை பறந்துவிடும் போலிருந்தது. நானும் கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. ஏழு டப்பா விற்றால் ஒரு டப்பா இலவசமாகவா கொடுத்துக்கொண்டிருந்தேன்?

"ஐயோ, என் காரி!" என்று தலையில் கைவைத்தேன். சிரிக்கத் தெரியாத ஜமேசி அப்போதுதான் சிரித்தார். அக்போசு பக்கம் திரும்பி, "டப்பாவும் இருக்கட்டும், டீச்சரும் இருக்கட்டும். நிரந்தரம் பண்ண நானே எழுதுறேன்" என்றார். கஃபுயி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போகும்போது ஜமேசி என் கடையில் ஒரு டப்பா காரி கேட்டார். அளந்து தலை தட்டினேன். என் கை அடுத்து என்ன செய்கிறது என்று பள்ளியே வாசலில் நின்று பார்த்தது.

ஒரு அள்ளு போட்டேன். இன்னொன்று போட்டேன். மூன்றாவதும் போட்டேன்.

"கணக்கு தெரிஞ்சுமா இவ்வளவு?" என்றார்.

"தெரிஞ்சுதான் சார் போடுறேன். டீச்சரை எங்களுக்கே விட்டுட்டுப் போறீங்கல்ல?"