நீட்டிய கை

போன சனிக்கிழமை என் மகள் யாழினி சதுரங்கத்தில் தோற்கவில்லை. தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மலைநகரமான தானா ராத்தாவில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாநிலப் போட்டி. கடைசிச் சுற்று. ஜெயித்தால் பஹாங் மாநில அணியில் இடம். டிரா என்றால் வீட்டுக்குப் போகலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்... இதுதான் கடைசி வாய்ப்பு.

பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். எனக்கும் கொஞ்சம் ஆட்டம் தெரியும். யாழினியிடம் ராணியும் குதிரையும். எதிரே குவாந்தானிலிருந்து வந்த பெண்ணிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும். நான் மனசுக்குள் அணிச் சட்டைக்கு அளவெடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பெண் ஏதோ சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். தோல்வியை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன். யாழினி அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் - மடையன் - சிரித்தேன்.

கை கொடுத்துவிட்டாள்.

நடுவர் வந்து டிரா என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெண் கேட்டது அதைத்தான். கேட்பதில் தப்பில்லை, விதியில் இடமிருக்கிறது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை கொடுத்தால் சம்மதம்.

நாங்கள் இருக்கும் தேயிலை எஸ்டேட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன், அவள் கேட்டது டிரா என்று தெரியாதா என்று.

"தெரியும்லா பா. ஆனா கைய நீட்டிட்டாளே... யாரு நீட்டினாலும் தொங்க விடக்கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க?"

சொன்னேன்தான். நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. பல வருடங்களுக்கு முன், புதிதாக வந்த துரைக்கு - மேனேஜரை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம் - வரவேற்பாகக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஃபைலை எடுத்துப் புரட்டினார். ஆபீஸே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். காயம் எனக்கு, மருந்து பிள்ளைக்கு! நம்மில் எத்தனை பேர் இப்படித்தான் வளர்க்கிறோம்? மரியாதையைச் சொல்லிக் கொடுக்கிறோம். மறுக்கச் சொல்லிக் கொடுத்தோமா?

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். தினமும் கை கொடுத்துவிட்டுத்தான் போவாள். நீட்டினேன். அவள் கை ஸ்வெட்டர் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

மறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்... என்னிடமிருந்து தொடங்கியிருக்கிறாள்.