முசிறி பஸ்ஸில் மறந்த புத்தகங்கள்

என் சித்தப்பா முசிறி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். பஸ்ஸில் யார் எதை விட்டுப் போனாலும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று அவருக்கு நல்ல பெயர். முசிறி தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண்மணி தினமும் அந்த பஸ்ஸில்தான் திருச்சியிலிருந்து போய் வருவார். அவர் சனிக்கிழமைதோறும் எதையாவது மறந்தார், அதுவும் புத்தகத்தை மட்டும். குடையோ டிபன் பாக்ஸோ ஒருநாளும் தொலைந்ததில்லை.

அந்தப் புத்தகம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, திங்கள் காலை அவரிடமே திரும்பிப் போய்விடும். நடுவில் இருப்பது ஞாயிறு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அது எப்படிப் போதும்? சோற்றுத் தட்டோடு படிப்பேன். அம்மா மாவு அரைக்க அனுப்பினால் மில் வாசலில் நின்று படிப்பேன். பாதிக் கதை புரியாது, புரியாத பாதிதான் அதிக ருசி. பள்ளிப் புத்தகத்தில் நல்லவர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். இவற்றில் நல்லவர்களும் பொய் சொன்னார்கள், பொறாமைப்பட்டார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சித்தப்பாவுக்கு இரண்டு பக்கம் தாண்டினால் கொட்டாவி வந்துவிடும். ஞாயிறு மாலை என்னிடம் கதையைக் கேட்டுக்கொள்வார். "அந்தப் பொண்ணு செஞ்சது சரியா? நீ என்ன நினைக்கிற?" என்று என் அபிப்பிராயத்தையும் விடாமல் வாங்கிக்கொள்வார். ஒரு பெரியவர் என்னை இவ்வளவு மதிக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் அவர் என் அம்மாவிடம், "கேட்டுட்டேன் அண்ணி. யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அவங்க சம்பளத்துலதான் வீடே ஓடுது, தம்பிங்க ரெண்டு பேரும் படிக்கிறாங்க" என்றார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. இந்த வாரம் புத்தகம் வருமா என்பதுதான் என் கவலை.

வந்தது. கதையில் ஒருத்தி, தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக, விரும்பியவனிடம் முடியாது என்று சொல்லி ரயிலேற்றி அனுப்பிவிடுகிறாள். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். எழுதியவர் மேல் அப்படியொரு கோபம். ஆனாலும் இன்றுவரை வேறெந்தப் புத்தகத்தையும் நான் அவ்வளவு நேசித்ததில்லை. சித்தப்பா வந்து கேட்டபோது அந்த முடிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரயில் கிளம்பறதுக்குள்ள அவ ஓடி வந்துடறா. கல்யாணம் ஆயிடுது. ரெண்டு பேருமா சேர்ந்து அந்தக் குடும்பத்தைப் பாத்துக்கறாங்க" என்று கூசாமல் சொன்னேன்.

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் சித்தப்பா. திங்கட்கிழமை அதை அப்படியே, தானே படித்ததுபோல, அந்தப் பெண்மணியிடம் ஒப்பித்திருக்கிறார்.

அதன் பிறகு மூன்று சனிக்கிழமை புத்தகமே வரவில்லை. நான் சொன்ன பொய்க்குத் தண்டனை என்று நினைத்து நடுங்கினேன். நான்காவது வாரம் அந்தப் பெண்மணியே தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். போதாக்குறைக்கு என் அம்மா, "உங்க புத்தகத்தையெல்லாம் இவதான் படிச்சு அவருக்குக் கதை சொல்லுவா" என்று பெருமையாகப் போட்டுக் கொடுத்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியவர்கள் காபி குடிக்கும்போது அந்தப் பெண்மணி மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் அதே புத்தகம்.

"இதோட முடிவை நீ மாத்திட்டியா?"

"அவங்க பிரியறது எனக்குப் பிடிக்கலைங்க" என்றேன், அழுகை முட்ட.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதை நீயே வெச்சுக்க. சித்தப்பா கையில மட்டும் குடுத்துடாத."

அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. டிக்கெட் கிழிக்கிற பழக்கத்தில் சித்தப்பா எச்சில் தொட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவார், புத்தகம் பாழாகிவிடும். நேரில் சொல்ல மனம் வராத பதிலைத்தான் சித்தி அன்றைக்கு சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பதும், அதை நான் திருத்தி அனுப்பிவிட்டேன் என்பதும் எனக்குப் புரியப் பத்து வருடம் ஆயிற்று.