கழுத்துக்குக் கீழே இருட்டு

பொத்துவிலில் இடிக்கவிருந்த ஒரு விடுதியிலிருந்து, இரும்புக் குண்டைத் தட்டி விளையாடும் பழைய பின்பால் மெசினொன்றை வாங்கினேன். அதுதான் என் முதல் மெசின். முகப்புக் கண்ணாடிப் படத்தில், கடலோரம் நீச்சல் உடுப்போடு ஒரு பெண் சிரித்தாள். மனைவி ஏசுவாள் என்ற பயத்தில், சாய்ந்தமருது வீட்டுக்குள் ஏற்றுமுன்பே கண்ணாடியைக் கழற்றினேன். பின்பக்கம் தீட்டியிருந்த அவளுடைய உடம்பைச் சுரண்டிவிட்டு, பச்சைப் பெயின்டால் நீளச் சட்டை பூசினேன்.

வயர் மாற்றி, துருத் தேய்த்து, மாதக்கணக்கில் மினக்கெட்டு ஒருநாள் கரண்ட் கொடுத்தேன். உள்ளே பல்புகள் எரிந்தன. கடல் மின்னியது, முகமும் மின்னியது. நான் பூசிய பெயின்ட் வெளிச்சத்தை விடவில்லை. கழுத்துக்குக் கீழே கும்மிருட்டு.

மனைவி வந்து பார்த்தாள். "வடிவான படம். ஏன் இப்பிடி நாசமாக்கினீங்க?"

"நீ ஏசுவாய் எண்டுதான்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"