அக்கா மூட்டாத அடுப்பு

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அக்காவின் நல்ல குணங்களை எழுதச் சொல்லி அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் தாளைக் கொடுத்தார். அதை எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உத்திரமேரூர் பெரிய ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். அம்மா தவறியபோது அவருக்குப் பதினோரு வயது, எனக்கு நான்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். நடவுக்குப் போனால் வரப்பில் என்னை உட்காரவைத்து, நான் ஏரிக்கால்வாய்ப் பக்கம் போகாமல் இருக்க என் காலில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வார். கஞ்சியில் பருக்கையெல்லாம் எனக்கு, தண்ணீர் அவருக்கு. அவர் கல்யாணம் முடிந்த மறு ஆண்டே அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான்.

மாமா வேலை பார்த்த நெல் மில்லை மூடிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் கர்நாடகத்தில் பத்ராவதியில் ஒரு தொழிற்சாலையில் அவரைச் சேர்த்துவிட்டார். கைக்குழந்தையோடு அக்கா பின்னாலேயே போனார். பாஷை தெரியாது. அடுத்தவர் வீட்டு அறையில் நடுவே புடைவையைத் திரையாகக் கட்டி மூன்று வருடம் குடித்தனம் செய்தார். பிறகுதான் மாமாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அக்காவின் வாழ்க்கையில் முதல் சொந்தக் குடித்தனம் அது. உடனே இன்லண்ட் லெட்டர் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதுவார்.

“தம்பி, எங்களுக்குன்னு ஒரு வூடு கெடச்சிடுச்சி. ஓட்டு வூடு. கொழா வாசல்லியே கீது. நீ உப்பும் மஞ்சளும் எடுத்துக்கினு வா. நீ வந்தாதான் பால் காய்ச்சுவேன். அதுவரிக்கும் உள்ள அடுப்பு மூட்ட மாட்டேன்.”

புது வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார்தான் உப்பும் மஞ்சளும் கொண்டுபோய் முதல் பால் காய்ச்சவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்கா கேட்டது அவ்வளவுதான். நான்தான் வீம்பு பிடித்தேன். போனால் பித்தளைக் குத்துவிளக்கு, பட்டுப் புடைவை, ஒரு மூட்டை புதுநெல் அரிசி என்று சீரோடு போகவேண்டும், வேற்று ஊரில் அக்கா தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த வருடம் ஏரி நிரம்பவில்லை. “அடுத்த போகத்துக்கு வருகிறேன்” என்று எழுதினேன். அடுத்த வருடம் கதிர் முற்றும் நேரத்தில் மழை பெய்து கெடுத்தது. மறுபடியும் அதையே எழுதினேன்.

என் மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். “இன்னாய்யா உன்னோட ஒரே பேஜாரா கீது? அக்கா வெளக்கா கேட்டாங்க? உப்பையும் மஞ்சளையும் முடிஞ்சிக்கினு போய் வாயேன்.”

“நாலு பேர் பாக்கிற எடத்துல கைய வீசிக்கினு போவச் சொல்றியா?” என்று அவள்மேல் பாய்ந்தேன்.

அக்காவின் கடைசிக் கடிதத்தில், “வெறுங்கையோட வந்தாக்கூட போதும்டா, உன் மூஞ்சியப் பாக்கணும்” என்று இருந்தது. அதற்கும் “அறுப்பு முடியட்டும்” என்றுதான் பதில் போட்டேன். பாவி!

பத்து நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். தந்தி வந்ததும் கிளம்பினேன். காஞ்சிபுரத்தில் பஸ் மாறும்போது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்தேன். மூன்று வருடம் சீருக்குக் காத்திருந்தவன், அந்தச் சேலையை எடுக்க ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். அக்கா மகள் செல்வி, ஆறு வயதுக் குழந்தை, அக்கா காட்டிவைத்திருந்த போட்டோவால் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தாள். என் கையிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்து, “உப்பு, மஞ்சள் எடுத்தாந்தியா மாமா?” என்று கேட்டாள். கோடியை எடுத்து அக்காமேல் போர்த்தினேன். என் கையால் அந்த வீட்டுக்குள் போன முதல் பொருள் அதுதான்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். அடுப்பு மேடை வெள்ளையடித்தது வெள்ளையடித்தபடியே இருந்தது, ஒரு பொட்டுக் கரி இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. மழையிலும் குளிரிலும் மூன்று வருடம் அங்கேயே குந்தி சமைத்திருக்கிறார். “உள்ள ஆக்குடின்னு எவ்வளவோ சொன்னேன் மச்சான். தம்பி வரட்டும்னே சொல்லிக்கினு இருந்தா” என்றார் மாமா. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

அக்காவைத் தோளில் சுமந்த மாமாவின் தொழிற்சாலை நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை செல்வியைத் தங்கள் பிள்ளைகளோடு வைத்திருந்த அடுத்த தெருத் தமிழ்க் குடும்பத்தாருக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பக்கத்து வீட்டில் எருமை வைத்திருக்கும் கங்கம்மா அவர்கள். தகனம் முடிந்த மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளிக்க நாங்கள் கிளம்பியபோது, ஒரு செம்பு நிறையப் பால் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, கன்னடத்தில் ஏதோ சொல்லி அழுதார். எனக்குப் புரியவில்லை. மாமாதான் சொன்னார்:

“வூடு வந்த நாள்லேர்ந்து உங்க அக்கா இவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கா மச்சான். என் தம்பி வந்த மறுநா காலையில கறக்கிற பாலு எனக்குத்தான், வேற யாருக்கும் ஊத்திடாதீங்கன்னு.”

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிய கங்கம்மா அவர்களுக்கு நன்றி. அந்தப் பாலைத்தான் அக்காவின் சாம்பல்மேல் தெளித்தேன்.