கதவோரம் பதித்த கல்

பூங்காவின் மணிக்கூண்டுக்குக் கீழே, புல்தரையில் நின்று, அதில் பொறித்திருந்த வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். காலடியில் ஏதோ சீறியது. அடுத்த நொடி இடுப்புவரை நனைந்துவிட்டேன். இருபதடி தள்ளி, தண்ணீர் வால்வைத் திருகும் ஆள் உயர இரும்புச் சாவியைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார்.

"மணிக்கூண்டுக்குக் கீழயே நின்னுக்கிட்டு நேரம் பாக்கத் தெரியலையே தம்பி! ஆறு மணிக்குத் தண்ணி விடுவேன்னு காக்காவுக்குக்கூடத் தெரியும்."

"கடிகாரம் மூணேகால்னு காட்டுதேண்ணே."

"அது நின்னு பதினெட்டு வருஷம் ஆச்சு. நான் நிக்கலை."

பூங்காவில் எல்லோரும் அவரைத் தண்ணிக்காரர் என்றார்கள். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிற கூலியாகப் பத்தொன்பது வயதில் உள்ளே வந்தவர். பிறகு வால்வுகள் அவர் பொறுப்பாயின. முப்பத்தொன்பது வருடங்கள்.

நான் பூங்காவின் வரலாற்றைக் கையேடாக எழுத வந்தவன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அட்டையில் என் பெயரோடு பட்டமும் வரும் என்று நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே நான்கு மாதம் பூங்காவே கதி என்று கிடந்தேன்.

முதலில் கல்குவாரி, பிறகு குதிரைகளைப் பழக்கும் மைதானம், அதன்பின் பூங்கா என்று ஆவணங்கள் சொல்லின. கல் வெட்டிய பள்ளம்தான் ஏரியாயிற்று. தண்ணிக்காரர் அதே வரலாற்றை மண்ணுக்கடியிலிருந்து சொன்னார். அவருக்கு எல்லா இடமும் வால்வுதான். ஏரி வால்வு, கண்ணாடி மாளிகை வால்வு, தளபதி சிலை வால்வு.

"ஒருதடவை சிலைக்கு அடியில குழாய் வெடிச்சுடுச்சு. தளபதி ஒரு வாரம் குதிரை மேல உக்காந்தே குளிச்சாரு. போருக்குப் போனதுக்கு அப்புறம் அவரு குளிச்சதே அப்பத்தான்."

பம்பு அறையை ஒட்டி வரிசையாக ஐந்து அறைகள். ஐந்துக்கும் ஒரே மாதிரி பச்சைக் கதவு. கடைசிக் கதவு மட்டும் அவர் வீடு. மற்றவை கருவி அறை, உர அறை என்று சாமான் வைக்கிற இடங்கள். அவர் மனைவிக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பார்வை போய்விட்டது. நான் அக்கா என்று கூப்பிட்ட அவர், கையில் கோல்கூட இல்லாமல் பூங்காவில் நடப்பார். பம்பின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஏரிக்குப் போகிறார். முகத்துக்கு நேரே இருந்தால் வீட்டுக்கு வருகிறார்.

"ஆரம்பத்துல கதவு மாறி உர ரூமுக்குள்ள போயிடுவேன் தம்பி. ஒருநாள் உர மூட்டை மேல உக்காந்து, என்னங்க மெத்தை இப்படி நாறுதுன்னு கேட்டிருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய இசை மண்டபத்தை இடித்திருக்கிறார்கள். இடிபாட்டில் வருடம் பொறித்த கல் கிடந்தது. தண்ணிக்காரர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து, தன் கதவோரம், மனைவியின் கை எட்டும் உயரத்தில் பதித்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த எண்களைத் தடவிப் படிப்பார். "ஒண்ணு, எட்டு, ஒன்பது, ரெண்டு. வந்து சேந்துட்டேன்."

இதைத்தான் கையேட்டின் நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் எழுதினேன். நிர்வாகத்தில் பாராட்டினார்கள். தண்ணிக்காரர் அந்தப் பக்கத்தை விரித்து அக்காவின் விரலை அதில் வைத்தார்.

"வழவழன்னு இருக்கு. நம்ம கல்லு மாதிரி இல்லையே" என்றார் அக்கா.

மறுவருடம், வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும் என்று அந்த அறைகளை இடிக்க உத்தரவு வந்தது. நூறு வயது தாண்டிய கட்டடமானால் தொடக் கூடாது என்பது விதி. அளக்க வந்தவர்கள் கதவோரக் கல்லைப் பார்த்துவிட்டு, 'பழைய கட்டடம்' என்று எழுதிப் போய்விட்டார்கள். தண்ணிக்காரர் என்னைத் தேடி ஓடிவந்தார்.

"கல்லு காப்பாத்திடுச்சு தம்பி! அவளை வேற எங்க கூட்டிட்டுப் போவேன்? இங்கதான் அவளுக்குக் கண்ணே இருக்கு."

அந்தக் கல் இசை மண்டபத்திலிருந்து வந்தது என்று நானே அச்சில் போட்டிருந்தேன். நாற்பத்துமூன்றாம் பக்கம் அவர் நினைவில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. யாரும் படித்துவிடக் கூடாதே என்று எழுதியவனே வேண்டிக்கொண்ட புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்தாம் நாள் எங்கள் இருவரையும் அழைத்தார்கள். பொறியாளரின் மேசையில் என் கையேடு. நடுவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. தண்ணிக்காரருக்குக் கேட்கும்படி அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதுதானே? நடந்ததா, இல்ல சுவைக்காகச் சேர்த்ததா?"

கேள்வியிலேயே வழி வைத்திருந்தார். 'சுவைக்காகச் சேர்த்தது சார்' என்றால் போதும். ஆனால் அட்டையில் என் பெயர் இருந்தது, பட்டத்தோடு.

நான் தயங்கியதைத் தண்ணிக்காரர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"தம்பி பொய் எழுதாது சார். படிச்ச புள்ள. நான்தான் சொன்னேன், நான்தான் பதிச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கையில் இருந்த சாவியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார். 'பார்வையில்லாதவர் சார்' என்று பிறகு எவ்வளவோ மன்றாடினோம். பொறியாளர் கெட்டவர் இல்லை. மாற்று வீடு தருவதாகச் சொன்னார். கீழ்த்தளத்தில் காலி இல்லை என்றும் சொன்னார்.

சாமான் ஏற்றிய அன்று நானும் போயிருந்தேன். கல்லை முந்தின நாளே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா பழக்கத்தில் கையை நீட்டினார். விரல்கள் குழிக்குள் போயின. "இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார். நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"எழுதினவன் ஏட்டைத்தான் கெடுப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன் தம்பி" என்றார். கோபம்கூட இல்லாத குரல்.

இப்போது அவர்கள் நகரத்தின் கடைக்கோடியில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். நீளமான தாழ்வாரம், ஒரே மாதிரி பதினான்கு கதவுகள். கல் பூங்கா அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தொடக் கூடாது என்று பக்கத்தில் அட்டை வைத்திருக்கிறார்கள். தண்ணிக்காரர் விடியுமுன் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். அக்கா இருமுறை படியில் விழுந்துவிட்டதால், வரும்போது கதவை வெளியே பூட்டிவிட்டு வருகிறார்.