மேல் வளைவு வரை தள்ளிய வண்டி

ஸ்டியரிங்கில் நான். கதவோரம் கையில் போனுடன் என் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்தபடி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வண்டிக்குப் பின்னால் காரட் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேர். மழை மாதம். மூடுபனியில் எதிர் வீடு தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இதே பெண்களை என் சின்ன லோடு வண்டியில் ஏற்றி வந்தேன். மழை பெய்தது, ஏற்றினேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று போலீஸ் பிடித்தது. லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த வாரமே இன்ஷூரன்ஸும் முடிந்தது. நிற்கிற வண்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முந்தின நாள்தான் ஏஜென்ட் வந்து விஷயத்தைச் சொன்னார். ஐந்து வருடமாக நான் நஷ்டஈடு கேட்டதில்லை. அதற்குப் பாதித் தள்ளுபடி உண்டு. தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். மறுநாளோடு தொண்ணூறு. போனால் ஆறாயிரம் கூடக் கட்டவேண்டும். மூன்று மாதம் வண்டி ஓடாத வீட்டில் ஆறாயிரம் இல்லை.

"போலீஸ் கேசுக்கு ரேட் ஏறுமுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இப்போதைக்கு அதுக்கு ஏறாதுங்க. நம்ம ஊரு வண்டி நம்பரு நாப்பத்திமூணுல ஆரம்பிக்குதுல்ல, அதுக்குத்தான் ஏறும். மலை, மூடுபனி, காட்டெருமை. நம்ம ஊருன்னாலே கம்பெனிக்குப் பயமுங்க."

விட்டுப்போனதைப் புதுப்பிக்க, வண்டியை வீடியோவில் காட்டவேண்டும். காலையில் வாசலிலேயே காட்டினோம்.

"மேடம், வெள்ளையாத்தான் தெரியுது. வண்டி எங்க?" என்றது கம்பெனியிலிருந்து ஒரு பெண் குரல்.

"முன்னாடிதானுங்க நிக்குது."

"வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்க."

ரோட்டின் மேல் வளைவில் காற்றடித்துப் பனி விலகும். ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் இன்னொரு கேஸ். ஓட்ட மாட்டேன் என்றேன்.

ஏஜென்ட் யோசித்தார். "தள்ளக் கூடாதுன்னு எதுலயும் போடலீங்க."

மனைவி போய் அந்தப் பெண்களைக் கூட்டி வந்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நீங்க எங்கள ஏத்துனீங்க. இன்னைக்கு நாங்க உங்கள ஏத்தறோம்" என்றாள் ஒருத்தி.

"அவர எறங்கச் சொல்லுங்கக்கா. வண்டி காலிதான், கனமே அவருதான்" என்றாள் இன்னொருத்தி.

நான் இறங்கவில்லை. பிரேக் பிடிக்க ஆள் வேண்டும்.

மேல் வளைவில் பனி விலகியிருந்தது. மனைவி மறுபடி வீடியோ போட்டாள்.

"பின்னாடி ஆறு பேர் இருக்காங்களே. ஆள் ஏத்துற வண்டியா?" என்றது அதே குரல்.

ஏஜென்ட் குடையை மடக்கினார்.

"ஏறலீங்க, தள்ளறாங்க" என்றாள் மனைவி.

"ஏன் தள்ளறாங்க? வண்டி ஓடாதா?"

"ஓடுமுங்க. ஓட்டத்தான் கூடாது."

அந்தக் குரல் ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னது. மூன்றாவது தடவை பிடித்தது. மனைவி நான்கு பக்கமும் சுற்றிக் காட்டினாள். முடிக்கும்போது முன் சக்கரம் வரை பனி வந்திருந்தது.

சாயங்காலம் ஏஜென்ட் கூப்பிட்டார். தள்ளுபடி கிடைத்துவிட்டது. அது போகக் கட்டவேண்டிய தொகையைச் சொன்னார்.

இருபத்து நாலாயிரத்து முன்னூற்று எழுபது ரூபாய்.