நாற்பது பேருக்கு ஒரு வில்லை

துணி வெளுக்கும் ஆலையில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு இஸ்திரி மேசை. எதற்கும் சட்டென்று பொங்கிவிடுவதால் நீராவி என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது அவளுக்கே ஒட்டிக்கொண்டது.

நாற்பது பெண்களுக்கு ஒரு தகர வில்லை. கதவருகே ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகவேண்டும். வில்லை இல்லாமல் போனால் அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவதைச் சமர்த்து என்று பெண்களே சொல்லிக்கொண்டார்கள். ஆறு மாதக் கர்ப்பிணியான மடிப்புக்காரி, வேறொருத்தி கொண்டுபோன வில்லை திரும்பி வராததால் நின்ற இடத்திலேயே நனைந்துபோனாள். அன்றுதான் தொழிலாளர் அதிகாரிக்கு மனு எழுதுவதென்று முடிவானது.

நீராவி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவன் அவள் கொழுந்தன். ஆலை ஆபீசில் எழுத்து வேலை. மறுநாள் மதியம் நல்ல பிரதி எடுத்து வந்தான். முத்து முத்தான கையெழுத்து. அதன் அழகை நம்பியே முப்பத்தொன்பது பேர் படிக்காமல் பெயர் போட்டார்கள். நீராவி படித்தாள். ‘எங்களை ஒடுக்குகிறார்கள்’ என்று அவள் சொன்ன இடத்தில் ‘எங்களுக்குச் சிறு அசௌகரியம் உள்ளது’ என்றிருந்தது. அதை வாய்விட்டுப் படித்து, இது என்ன என்றாள்.

ஒடுக்குவது என்பது படை, தேசம், ராஜா சம்பந்தப்பட்ட சொல் என்று கொழுந்தன் விளக்கினான். பாடப்புத்தகத்தில் வருவதாம். கக்கூஸ் சமாச்சாரத்துக்கு அதைப் போட்டால் அதிகாரி சிரிப்பாராம்.

"நான் ஒண்ணுக்குப் போக ஒருத்தன் உத்தரவு குடுக்கணும்னா, அவன் எனக்கு ராஜா இல்லாம வேற யாரு?" நீராவி பொங்கினாள்.

மடிப்புக்காரி தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "அன்னிக்கு எனக்கு ஆனது சிறு அசௌகரியமாக்கா?"

நீராவி மனுவை எல்லோருக்கும் உரக்கப் படித்தாள். அந்த வரியை அடித்து, மேலே தன் கோணல் எழுத்தில் பழைய வரியைப் போட்டாள். வேண்டாம் என்பவர்கள் தங்கள் பெயரை அடித்துக்கொள்ளலாம் என்றாள். மூன்று பேர் அடித்தார்கள். ஒருத்தி அவளுடைய சொந்த நாத்தனார்.

"மனுவே அசிங்கமாப் போச்சு அண்ணி."

"உள்ள இருக்கிற விஷயம் ரொம்ப லட்சணமோ?"

கீழே தன் பெயரை எழுதி முடித்தாள். காலையிலிருந்து அவளும் போகவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. கதவருகே வந்தாள். வில்லை ஆணியில்தான் இருந்தது. அதைத் தொடாமல் தாண்டிப் போனாள்.

அரைநாள் போகும் என்று மேற்பார்வையாளன் பின்னாலிருந்து நினைவுபடுத்தினான்.

"எழுதிக்கோ" என்றாள். திரும்பவில்லை.